முதலில் பிரைமரைப் படியுங்கள்

அமெரிக்காவில் எந்தத் துப்பாக்கி ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாலும், செமி ஆட்டோமேட்டிக் ரைபிளோடு வருபவர் சொல்லும் புகார்களில் ஒன்று இது: “ட்ரிக்கரை இழுத்தால் க்ளிக் என்கிறது, வெடிக்கவில்லை.” புதிதாகச் சேர்ந்தவர் உடனே ஒரு புது ஃபயரிங் பின்னை எடுத்து மாட்டுவார். சில நாளில் அதே ரைபிள் அதே புகாரோடு திரும்பி வரும். இரண்டாம் முறை செய்யும் வேலைக்குக் கூலி கிடையாது. முதலாளி அதைக் கணக்கில் வைத்துக்கொள்வார்.

கொலராடோவின் ட்ரினிடாட் ஸ்டேட் கல்லூரி 1947 முதல் கன்ஸ்மித் படிப்பு நடத்தி வருகிறது. இப்படிப்பட்ட சர்டிஃபிகேட்டோடு உங்கள் பக்கத்து பெஞ்சிலும் ஒருவர் நிற்பார். பார்ட்ஸ் மாட்டுவது இருவருக்குமே தெரியும். பழுதின் காரணத்தைச் சரியாகச் சொல்பவருக்குத்தான் நல்ல வேலைகள் போகும். அந்த இடத்தைப் பிடிக்க வழி இதோ.

1. விசாரணையைக் கவுண்டரிலேயே தொடங்குங்கள். ரைபிளை வாங்கும்போதே, சுட்டு முடித்த காலி உறைகளையும் தோட்டா வந்த அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். பிறகு கேள்விகள். ஃபேக்டரி தோட்டாவா, வீட்டில் ரீலோட் செய்ததா? ஒவ்வொரு முறையும் இப்படியா, எப்போதாவதா? அதே தோட்டாவை இரண்டாம் முறை அடித்தால் வெடித்ததா? அண்மையில் ட்ரிக்கரையோ ஸ்ப்ரிங்கையோ மாற்றினீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பல ரிப்பேர்கள் முடிந்துவிடும். பதில்களை அவர் சொன்ன வார்த்தையிலேயே டிக்கெட்டில் எழுதுங்கள். ரைபிள் இரவு கடையில் தங்குகிறதென்றால் லைசென்ஸ் விதிப்படி கடைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதை மறக்காத ஆளை முதலாளி விடமாட்டார்.

2. கையில் வந்ததும் மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். ரேஞ்சில் டெஸ்ட் செய்யும்போது வெடிக்காமல் க்ளிக் மட்டும் வந்தால், குழல் முனை இலக்கை நோக்கியபடியே குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. அவசரமாக போல்ட்டைத் திறப்பவர் முகத்துக்கு நேரே அது வெடிக்கும். டெஸ்டுக்கு மேகசினில் ஒன்றிரண்டு தோட்டாவுக்கு மேல் போடாதீர்கள்.

3. பிரைமருக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கத் தோட்டாக்களில் இருக்கும் பாக்ஸர் பிரைமரில் மூன்று பாகங்கள்: மெல்லிய உலோகக் கிண்ணம், அதற்குள் அடியில் தீப்பற்றும் மருந்து, அதன் மேல் ஆன்வில் என்கிற சின்னத் தாங்கி. ஃபயரிங் பின் கிண்ணத்தைக் குத்தும்போது மருந்து ஆன்வில்லில் நசுங்கிப் பற்றிக்கொள்கிறது. அடி வேகமாகவும், போதிய ஆழமாகவும், ஏறக்குறைய நடுவிலும் விழ வேண்டும். அப்படியானால் சந்தேகத்துக்குரிய இடங்கள் நான்குதான். ஹேமர் வலுவாக அடிக்கவில்லை. ஹேமர் அடித்தது, பின் முழுத் தூரம் போகவில்லை. பின் போனது, அடி வாங்கிய பிரைமர் முன்னால் நகர்ந்துகொண்டது. அல்லது பிரைமரே கெட்டது. இந்த நான்கையும் மனப்பாடம் செய்யுங்கள்.

4. டூல் பாக்ஸைத் திறக்கும் முன் லூப் என்கிற சின்ன பூதக்கண்ணாடியை எடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். வெடிக்காத பிரைமரின் மேல் உள்ள பள்ளம் உங்களுக்கு எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடும்.

பள்ளம் மேலோட்டமாக இருந்தால் ஹேமர் பக்கமோ, பின் ஓடும் துளையிலோ தேடுங்கள். பள்ளமே இல்லையென்றால் பின் உடைந்திருக்கலாம், அல்லது ஹேமர் பின்னைத் தொடவே இல்லை. பள்ளம் ஆழமாக, நடுவில், அழகாக விழுந்தும் வெடிக்கவில்லையா? ரைபிளை வைத்துவிட்டு வேறு கம்பெனி ஃபேக்டரி தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாம் அடியில் வெடித்ததென்றால், பிரைமர் முழுதாக உள்ளே உட்காரவில்லை என்பதே முதல் சந்தேகம். முதல் அடியின் சக்தி அதை உள்ளே தள்ளுவதில் செலவாகியிருக்கும். மீதித் தோட்டாக்களின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல ரீலோடில் பிரைமர் உறையின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் கீழே இருக்கும். மேலே துருத்தினால் தவறு ரீலோட் செய்தவருடையது. அதை எல்லோர் முன்னிலும் அவரிடம் சொல்லாதீர்கள். தனியாக அழைத்து, தோட்டாவைக் காட்டி, பிரஸ்ஸை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லுங்கள். அடுத்த ரைபிளோடு உங்களைத்தான் தேடி வருவார்.

ஒரு எச்சரிக்கை. ஏஆர்-15 ரைபிளில் ஃபயரிங் பின்னைப் பின்னுக்குத் தள்ளிவைக்க ஸ்ப்ரிங் கிடையாது. போல்ட் மூடும் வேகத்தில் பின் தானாக முன்னே நழுவி, சுடாத தோட்டாவின் பிரைமரில் ஒரு சிறு புள்ளி வைக்கும். அது பழுதில்லை. எம்16 வந்த தொடக்கத்தில், 1960களின் முதல் சில ஆண்டுகளில், இந்த நழுவலால் தானாக வெடிக்கும் அபாயம் தெரிந்துதான் பின்னின் எடையைக் குறைத்தார்கள். புள்ளியைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் வாங்கும் கடைகளுக்குப் பெயர் நிலைப்பதில்லை.

5. ஏஆர்-15 என்றால் செலவில்லாத சோதனையிலிருந்து ஏறுங்கள். முதலில் ஹேமர் ஸ்ப்ரிங். அதன் இரு கால்களும் ட்ரிக்கர் பின்னின் மேல் உட்கார வேண்டும். வீட்டில் அசெம்பிள் செய்த ரைபிள்களில் இதைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள், அடி பலமிழக்கும். ட்ரிக்கர் இழுக்க மென்மையாக வேண்டுமென்று வலுக்குறைந்த ஸ்ப்ரிங் போட்டிருந்தாலும் இதே கதை, அதிலும் கடினமான ராணுவ பிரைமரோடு சேர்ந்தால் நிச்சயம். பழைய ஸ்டாண்டர்ட் ஸ்ப்ரிங்கைப் போட்டுச் சுட்டுப் பாருங்கள். விடை உடனே தெரியும்.

அடுத்து பின் ஓடும் துளை. கரி, கெட்டியான கிரீஸ், பித்தளைத் துகள் எது இருந்தாலும் பின்னின் வேகம் குறையும். சுத்தம் செய்து, ஏறக்குறைய உலர்வாகவே விடுங்கள். மாட்டிய பிறகு போல்ட் கேரியரைக் குலுக்கிப் பாருங்கள். பின் தடையில்லாமல் ஆட வேண்டும், பின்பக்கம் வெளியே விழக் கூடாது.

பிறகு போல்ட் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். சேம்பர் அழுக்காக இருந்தாலோ, பஃபர் ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தாலோ கேரியர் கடைசித் துளி தூரம் போகாது. ஹேமரின் சக்தி கேரியரைத் தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும். பலர் தவறவிடும் காரணம் இது. ஹெட்ஸ்பேஸ் கேஜையும் ஒருமுறை போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பின். போல்ட் முகத்துக்கு வெளியே அதன் முனை 0.028 முதல் 0.036 அங்குலம் வரை நீள வேண்டும். குறைந்தால் மாற்றுங்கள். அளந்த எண்ணை டிக்கெட்டில் எழுதுங்கள்; எண் எழுதிய பில்லோடு யாரும் வாதாட வருவதில்லை.

6. பிரைமரில் ஓட்டை விழுந்திருந்தால் வேகம் காட்டாதீர்கள். பின் முனை கூராகச் சிதைந்திருக்கலாம், நீட்டம் அளவு மீறியிருக்கலாம், தோட்டாவில் அழுத்தம் அதிகமாக இருக்கலாம், அல்லது பிரைமர் கிண்ணம் அந்த அழுத்தத்துக்கு மெல்லியது. ஓட்டை வழியே சீறும் வாயு பின் முனையை அரித்துவிடும். வெட்டுப்பட்ட சின்ன வட்டத் தகடு துளைக்குள் போய் அடைத்துக்கொண்டு, அடுத்த வாரம் “வெடிக்கவில்லை” என்ற புகாராக வரும். ரீலோட் செய்பவருக்கு, சிசிஐ 41 போல ஏஆர் வகைக்கென்று வந்த தடித்த கிண்ணப் பிரைமரைச் சொல்லுங்கள்.

7. எஸ்கேஎஸ் வந்தால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் சீனாவிலிருந்து ஏராளமாக இறங்கிய இந்த ரைபிள்களைக் காஸ்மோலின் என்ற கெட்டி கிரீஸில் மூழ்கவைத்து அடுக்கியிருந்தார்கள். அந்த கிரீஸ் போல்ட்டுக்குள் இறுகினால் பின் முன்னால் நீட்டியபடியே சிக்கிக்கொள்ளும். போல்ட் மூடியதுமே, ட்ரிக்கரில் விரல் இல்லாமலே வெடிக்கும். அதோடு நிற்காது, பத்துத் தோட்டா மேகசின் காலியாகும் வரை தொடரலாம். கழற்றிய போல்ட்டைக் காதருகே ஆட்டுங்கள். பின் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காத எஸ்கேஎஸ் உங்கள் பெஞ்சைவிட்டு வெளியே போகக் கூடாது. வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

8. வேலை முடிந்ததும் இரண்டு கம்பெனித் தோட்டாவில் சுட்டுப் பாருங்கள். பழைய பள்ளம், புதுப் பள்ளம் இரண்டையும் போட்டோ எடுத்து பில்லோடு கொடுங்கள். அப்படியே ஒரு சிறு பெட்டி தொடங்குங்கள். ஓட்டை விழுந்தது, நடுவிலிருந்து விலகியது, இரண்டாம் அடியில் வெடித்தது என ஒவ்வொரு வகையிலும் காலி உறை ஒன்றைப் போட்டு, காரணத்தை லேபிளில் எழுதி ஒட்டுங்கள். வெடிக்காத தோட்டாவைப் பெட்டியில் போடாதீர்கள், அதற்கு போட்டோ போதும். அடுத்த கடையில் இன்டர்வியூ வரும்போது ரெஸ்யூமேவோடு இந்தப் பெட்டியையும் மேசை மேல் வையுங்கள். கேட்கும் சம்பளத்தைத் தயங்காமல் கேளுங்கள்.