ஷெப்பர்ட்ஸ் பை: கால் கிலோ கறியில் ஆறு பேருக்குச் சாப்பாடு



இந்த இதழின் சமையல் பாடத்தில் இங்கிலாந்து நாட்டு வீடுகளில் செய்கிற ஒரு சாப்பாட்டைப் பார்க்கப் போகிறோம். பெயர் ஷெப்பர்ட்ஸ் பை. ஷெப்பர்ட் என்றால் ஆடு மேய்ப்பவர். பை என்றதும் நமக்கு மஞ்சப்பைதான் ஞாபகம் வரும். அங்கே பை என்றால், கறியையோ பழத்தையோ உள்ளே வைத்து மேலே மாவால் மூடிச் சுடுகிற பண்டம். ஆனால் இந்தப் பைக்கு மாவு மூடி கிடையாது. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்குதான் மூடி. கீழே கொத்துக்கறி, மேலே கிழங்கு, மேல்பக்கம் சிவக்கிற வரை சூட்டில் வைத்து எடுத்தால் ஷெப்பர்ட்ஸ் பை. அவ்வளவுதான்.

"வெள்ளைக்காரங்க சாப்பாடு நமக்கு எதுக்கு?" என்று கேட்பீங்க. கேட்க வேண்டிய கேள்விதான். இது பங்களா விருந்துக்காக வந்த சாப்பாடு இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை கறி எடுக்கிற வீட்டில், மிச்சம் இருக்கிற கொஞ்சத்தை எல்லோருக்கும் எப்படிப் போடுவது என்று பார்த்த பெண்கள் கையில் நிலைத்த சாப்பாடு. அந்தக் கணக்கு நமக்கும் தெரிந்த கணக்குதானே?

ஞாயிற்றுக்கிழமைக் கறி, திங்கட்கிழமைச் சலவை

இங்கிலாந்தில் முடிந்த வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய கறித்துண்டை முழுசாகச் சுட்டுச் சாப்பிடுவது வழக்கம். அடுத்த நாள் திங்கட்கிழமை, துணி துவைக்கிற நாள். மெஷின் வராத காலத்தில் துவைப்பது என்றால் தண்ணீர் இறைத்து, காய்ச்சி, துணியை வேகவைத்து, தேய்த்து, பிழிந்து, பொழுது முழுக்க அதே வேலை. அன்றைக்குப் புதிதாகச் சமைக்கக் கை ஒழியாது. அதனால் முந்தின நாள் மிச்சக் கறியைப் பொடியாக நறுக்கி, வெங்காயமும் கறிச்சாறும் சேர்த்து, மேலே கிழங்கைப் பரப்பிச் சூடு பண்ணிவிடுவார்கள்.

காட்டேஜ் பை, அதாவது குடிசைப் பை, என்கிற பெயர் 1791-லேயே எழுத்தில் இருக்கிறது. ஷெப்பர்ட்ஸ் பை என்கிற பெயர் 1850-களில் வந்தது. முதலில் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றித்தான் சொன்னார்கள். இப்போது செம்மறிக் கறி போட்டால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டுக்கறி போட்டால் காட்டேஜ் பை.

உருளைக்கிழங்கும் அவர்கள் ஊர்க் கிழங்கு இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் விளைந்தது. 16-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. நம்ம நீலகிரிக்கு 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் கொண்டுவந்து பயிரிட வைத்தார். இன்றைக்கு நாம் சந்தையில் கேட்டு வாங்குகிற ஊட்டிக் கிழங்கின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கறித்துண்டு யார் தட்டுக்குப் போகுது?

லண்டனில் லாம்பெத் என்று ஒரு பகுதி. 1909 முதல் 1913 வரை அங்கே கூலி வேலை செய்கிறவர்களின் வீடுகளுக்கு ஒரு பெண்கள் குழு வாராவாரம் போய்வந்தது. வாரம் ஏறக்குறைய ஒரு பவுண்டு வருமானத்தில் குடும்பம் எப்படி நடக்கிறது என்று பார்த்தார்கள். தாய்மார்களையே வரவு செலவுக் கணக்கு எழுதச் சொன்னார்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்கு வீட்டில் வேறு யாராவது எழுதிக் கொடுத்தார்கள். (நம்ம குழுவில் பிள்ளைகள் பாஸ் புத்தகம் படித்துக் காட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) மாட் பெம்பர் ரீவ்ஸ் என்பவர் அதை 1913-ல் புத்தகமாகவே கொண்டுவந்தார்.

அந்தக் கணக்கில் தெரிந்தது என்ன? வீட்டில் வாங்குகிற கறி பெரும்பாலும் வேலைக்குப் போகிற ஆணுக்குத்தான். பிள்ளைகளுக்குக் கறிச்சாறும் கிழங்கும் ரொட்டியும். அம்மாவுக்கு மீந்தது. யாரும் அவளைச் சாப்பிடாதே என்று சொல்லவில்லை. சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டால் குடும்பமே படுத்துவிடும் என்ற பயத்தில் அவளே தன் பங்கை விட்டுக்கொடுத்தாள்.

நம்ம வீட்டிலும் இது நடக்கிறது. கால் கிலோ கறி எடுத்தால் தண்ணீர் கூட்டிக் குழம்பு வைக்கிறோம். குழம்பு எல்லோருக்கும் வரும், துண்டு எல்லோருக்கும் வராது. அகப்பை நம்ம கையில்தான் இருக்கு, ஆனாலும் கடைசித் தட்டு நம்ம தட்டு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகைக்குக் காரணம் பல உண்டு. கறி ஒன்றே மருந்து என்று சொல்ல வரவில்லை. ஆனால் கறியில் இருக்கிற இரும்புச்சத்து, கீரை பருப்பில் இருப்பதைவிட உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்தச் சத்து சேருவது குறையும். டீயைக் கொஞ்ச நேரம் தள்ளிக் குடியுங்க.

ஷெப்பர்ட்ஸ் பையில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்: துண்டே கிடையாது. கறி எல்லாம் கொத்தி ஒன்றாகக் கலந்து அடியில் கிடக்கிறது. ஆறு பேர் என்றால் கத்தியால் ஆறு பங்காகக் கோடு போட்டு, கரண்டியை அடிவரை இறக்கி எடுத்து வைக்கலாம். உங்கள் பங்கை முதலிலேயே ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்துவிடுங்க.

ரேஷன் காலத்தில்

இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல் பிரிட்டனில் ரேஷன் வந்தது. கறிக்கு எடைக்கணக்கு இல்லை, ஆளுக்கு இத்தனை காசுக்குத்தான் என்று விலைக்கணக்கு வைத்தார்கள். விலை குறைந்த கழுத்துக்கறி, கொத்துக்கறி வாங்கினால் அதே காசுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். போர் நடந்த வருடங்களில் உருளைக்கிழங்குக்கு ரேஷன் கிடையாது. கிழங்கு நிறையச் சாப்பிடுங்கள் என்று அரசாங்கமே விளம்பரம் செய்தது. கொஞ்சம் கறி, நிறையக் கிழங்கு என்கிற சாப்பாடு அந்தக் காலத்துக்கு எவ்வளவு பொருந்தியிருக்கும் என்று பாருங்க. போர் முடிந்தும் ரேஷன் தொடர்ந்து, 1954 ஜூலையில் கறிக்கான ரேஷன் நீங்கியதோடுதான் முடிவுக்கு வந்தது.

அங்கேயும் நம்ம மாதிரி கிராமப் பெண்கள் அமைப்பு உண்டு. விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்று பெயர். 1897-ல் கனடாவில் ஆரம்பித்தது. பிரிட்டனில் முதல் கிளை 1915-ல் வேல்ஸ் நாட்டு ஊர் ஒன்றில் தொடங்கியது. ஊருக்கு ஒரு சங்கம், மாவட்டத்துக்குக் கூட்டமைப்பு, அதற்கு மேல் தேசியக் கூட்டமைப்பு என்று நம்ம அமைப்பு போலவே அடுக்கு. கேன்டீன் இல்லாத கிராமங்களில் வயல்வேலை செய்கிறவர்களுக்குப் போர்க்காலத்தில் கறி வைத்த பை விநியோகம் செய்த திட்டத்தில் இந்தச் சங்கத்துப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

செய்முறை

ஆறு பேருக்கு: கொத்துக்கறி கால் கிலோ, மைசூர் பருப்பு 100 கிராம், உருளைக்கிழங்கு ஒரு கிலோ, பெரிய வெங்காயம் இரண்டு, கேரட் இரண்டு, தக்காளி இரண்டு, பூண்டு நாலு பல், பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, வெண்ணெய் 50 கிராம், பால் அரை டம்ளர், எண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு. அங்கே தாராளமாகச் செய்கிறவர்கள் அரைக் கிலோ கறி போட்டு, பருப்பு போடாமல், ஒரு கரண்டி மைதாவால் கெட்டியாக்குவார்கள். கறி குறைவாக இருந்தால் பருப்பு சேர்ப்பதும் அவர்கள் வழக்கம்தான். பருப்பு வெந்து குழைந்து கறியோடு கறியாகப் போய்விடும், மைதா தேவைப்படாது.

அங்கே இதில் ஊஸ்டர் சாஸ் என்று ஒரு கறுப்புச் சாறு சில சொட்டு விடுவார்கள். 1837-லிருந்து விற்கிற சரக்கு. அதில் சேருகிற பொருள்களில் ஒன்று நம்ம புளி! அதனால் சாஸுக்கு அலைய வேண்டாம். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்க. அங்கே செம்மறிக் கறி. இங்கே வெள்ளாட்டுக் கறி கிடைத்தாலும் சரி, கொஞ்சம் கூடுதல் நேரம் வேகும்.

முதலில் கறி. எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், கேரட்டைப் பொடியாக நறுக்கிப் போட்டு, சின்ன தீயில் பத்து நிமிடம் வதக்குங்க. இதில் அவசரம் கூடாது, இந்தச் சாப்பாட்டின் இனிப்பு இங்கேதான் வருகிறது. பூண்டைத் தட்டிப் போடுங்க. தீயைக் கூட்டிக் கறியைப் போட்டு, கட்டி இல்லாமல் உடைத்துக் கிளறுங்க. முதலில் தண்ணீர் விடும். அது சுண்டி, கொதிக்கிற சத்தம் போய்ப் பொரிகிற சத்தம் வரணும். கறி நல்ல பழுப்பு நிறம் ஆகணும். தக்காளி, உப்பு, மிளகு, இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடி 20 நிமிடம். பிறகு கழுவிய பருப்பும் பட்டாணியும் போட்டு இன்னும் 20 நிமிடம். பருப்பு குழைந்ததும் புளிக்கரைசல் விட்டு ஒரு கொதி. புளியை முன்னாலேயே விட்டால் பருப்பு வேகாது. கடைசியில் கரண்டியால் அடியைக் கோடு இழுத்தால் கோடு ஒரு நொடி நிற்கணும். தண்ணியாக இருந்தால் மேலே வைக்கிற கிழங்கு முங்கிவிடும். தெரியாமல் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி கிழங்கு. புதுக் கிழங்கு வழவழப்பாக மசியும். கொஞ்சம் நாள்பட்ட, வெந்ததும் மாவாக உதிர்கிற கிழங்கு நல்லது. பச்சை நிறம் பாய்ந்ததும் முளை விட்டதும் வேண்டாம். தோலோடு வேகவைத்தால் சத்து அதிகம் போகாது. பச்சைத் தண்ணீரில் போட்டு உப்புச் சேர்த்து அடுப்பில் வையுங்க. வெந்நீரில் போட்டால் வெளியே குழைந்து உள்ளே வேகாமல் நிற்கும். வெந்ததும் தண்ணீரை ஒட்ட வடித்துத் தோலை உரித்து, காலிப் பாத்திரத்தில் இரண்டு நிமிடம் சூட்டில் வைத்து ஈரத்தைப் போக்குங்க. சூடு இருக்கும்போதே மத்தால் மசித்து, வெண்ணெயும் சூடான பாலும் சேருங்க. மிக்ஸியில் போட்டுவிடாதீங்க, பசை மாதிரி இழுக்கும்.

இரண்டு விரற்கடை ஆழமுள்ள எவர்சில்வர் தட்டில் கறியைப் பரப்பிக் கொஞ்சம் ஆறவிடுங்க. கிழங்கை ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்குக் கொண்டுவாங்க. ஓரம் ஒட்டி மூடியிருந்தால் சாறு பொங்கி மேலே வராது. முள்கரண்டியால் வயலில் ஏர் ஓட்டின மாதிரி கோடு போடுங்க. அந்த மேடுகள்தான் சிவந்து மொறுமொறுப்பாகும்.

ஓவன் இருந்தால் 200 டிகிரியில் அரை மணி நேரம். இல்லாவிட்டால், பிள்ளைகளுக்கு மணலில் கேக் செய்து கொடுத்தவர்களுக்கு வழி தெரியும். அடி கனமான அகலப் பாத்திரத்தில் சுத்தமான காய்ந்த மணல் இரண்டு விரல் உயரம் போட்டு, மூடி, பத்து நிமிடம் சூடாக்கணும். உள்ளே மூன்று சின்னக் கல் வைத்து அதன்மேல் தட்டை வைத்து மூடி 40 நிமிடம். குக்கரில் செய்தால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடணும். விறகு அடுப்புக்காரர்களுக்கு இன்னும் வசதி. தம் பிரியாணிக்குப் போடுகிற மாதிரி மூடிமேல் தணல் போட்டால் மேல்பக்கமும் சிவக்கும். கேஸ் அடுப்பில் அவ்வளவு சிவக்காது. அதனால் ருசி குறைந்தாலும் சாப்பாடு கெடாது. ஓரத்தில் கறிச்சாறு கொதித்து முட்டை விடுவதுதான் ஆனதற்கு அடையாளம். எடுத்த உடனே வெட்டாமல் பத்து நிமிடம் விடுங்க.

கறி சாப்பிடாத வீடுகளில் கறியை விட்டுவிட்டுப் பருப்பை 250 கிராம் ஆக்குங்க, தண்ணீரை அதற்குத் தக்கபடி கூட்டுங்க. அங்கேயும் அப்படிச் செய்கிறார்கள். அதற்கு ஷெப்பர்ட்லெஸ் பை, மேய்ப்பர் இல்லாத பை, என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! பல் இல்லாத பெரியவர்களுக்கும், காய்ச்சல் விட்டு எழுந்தவர்களுக்கும், மழைநாள் ராத்திரிக்கும் இதமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு மிளகைக் குறைத்துக் கொடுங்க.

விலையை இங்கே போடவில்லை. உங்க ஊர் விலையில் ஒவ்வொரு பொருளுக்கும் எழுதி, கூட்டி, ஆறால் வகுத்துப் பாருங்க. அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் செய்து கொண்டுவந்து கணக்கையும் படித்தால் நல்லது. விற்க நினைக்கிறவர்கள் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யணும். ஃபிரிட்ஜ் இல்லாமல் விற்பனைக்கு இது சரிப்படாது என்பது என் கருத்து.

மிச்சம் வைப்பதைப் பற்றி ஒன்று சொல்லணும். இங்கிலாந்துக் குளிரில் ஞாயிற்றுக்கிழமைக் கறி திங்கள்வரை தாங்கியது. நம்ம வெயிலில் தாங்காது. அதுவும் கனமான கிழங்கு மூடிக்கு அடியில் சூடு மெதுவாகத்தான் ஆறும், கிருமி வளர அது போதும். சில கிருமி விட்ட நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. ஃபிரிட்ஜ் இருந்தால் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்ன டப்பாவில் பிரித்து உள்ளே வைத்து, மறுநாள் ஒரே ஒரு தடவை நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஆள் கணக்குப் பார்த்து அளவாகச் செய்து அந்த வேளைக்கே முடித்துவிடுங்க.