மஞ்சளும் காயமும்

விளையாட்டில் முழங்காலில் அடிபட்டால் அவ்விடம் சிவக்கிறது; சூடாகிறது; வீங்குகிறது; வலிக்கிறது. இதனை அழற்சி என்பர். காயத்தை ஆற்ற உடல் மேற்கொள்ளும் முயற்சியே அது. ஆனால் அளவு மீறி நீடிக்குமாயின் உடலுக்கே கேடு விளைவிக்கும்.

அழற்சியைத் தணிக்கவல்ல பொருளொன்று நம் அடுக்களை மஞ்சளில் உண்டு. குர்க்குமின் என்பது அதன் பெயர். மஞ்சளுக்கு நிறம் தருவதும் அதுவே. 1815ஆம் ஆண்டிலேயே அறிஞர் அதனைப் பிரித்தெடுத்தனர். வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் உடலில் உண்டாவதை அது குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. எனினும் 100 கிராம் மஞ்சள் தூளில் அது ஏறத்தாழ 3 கிராமே உள்ளது. உண்டாலும் இரத்தத்தில் எளிதில் சேர்வதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் உடன் சேர்ந்தால் ஏறத்தாழ 20 மடங்கு சேர்கிறதென 1998இல் பெங்களூர் ஆய்வாளர் கண்டனர். மஞ்சளும் மிளகும் இட்டுப் பால் காய்ச்சிய நம் பாட்டிமார் எந்தக் கல்லூரியில் பயின்றனரோ!

பெற்றோர்க்கு ஒன்று கூறுவேன். செம்பனை முள் காலில் ஆழக் குத்தினாலும் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு வேலைக்குச் செல்வோர் உளர். மண்ணில் வாழும் இரணஜன்னிக் கிருமி காற்றுப் புகாத ஆழத்தில்தான் பெருகும். மேலே பூசிய மஞ்சள் அதனைத் தடுக்காது. வீக்கம் தணிவது வேறு, கிருமி ஒழிவது வேறு. காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அன்றே கிளினிக்கிற்குச் சென்று, தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று கூறுங்கள். முள்ளின் முனை உள்ளே ஒடிந்துள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.