திருமுக்கூடல் ஆதுலசாலை

மறைமலைநகரினின்று தெற்கே செல்லும் பெருவழி செங்கற்பட்டை அடைகின்றது. ஆங்கிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் பழையசீவரம் என்னும் ஊர் உள்ளது. அதற்கு எதிரே பாலாற்றின் மறுகரையில், பாலாறு, வேகவதி, செய்யாறு என்னும் மூன்று ஆறுகளும் கூடும் இடத்தில் அமைந்தது திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை அரசு புரிந்த வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உண்டு.

அக்கோயிலைச் சார்ந்து ஒரு கல்லூரியும், மாணவர் விடுதியும், 'வீரசோழன்' என்னும் பெயருடைய ஆதுலசாலையும் நடைபெற்றமை அதனால் அறியப்படுகின்றது. ஆதுலர் என்பார் நோயுற்றோர். ஆகவே ஆதுலசாலை என்பது மருத்துவமனை. அதில் 15 கிடக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து சமைப்பார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர். மருத்துவர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பார். அவருக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் உரியன. அறுவை செய்வார்க்கு 30 கலம் நெல்லே கூறப்பட்டுள்ளது. இக்காலத்தார் இதனை வியப்பர். நோயாளி ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. ஓராண்டுக்கு இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளும் பில்வாதி கிருதம், கல்யாண லவணம் எனப் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டுள்ளன. இரவில் எரியும் விளக்கையும் அக்கல்வெட்டு மறந்திலது.

மன்னன் புகழைக் கூறுவதே கருத்தாயின், ஒரு நாழி அரிசியைக் கல்லில் வெட்டுவானேன்? அளவு எழுதப்பட்ட இடத்தில் குறைவு தானே வெளிப்படும். நாழி அரிசி உழக்காகக் குறையின், இதுதான் வழக்கமென்று யாரும் சொல்லித் தப்ப இயலாது. மருத்துவர் பெயரும் ஊரும் வெட்டப்பட்டிருத்தலின், கடமைக்கு உரியவர் இன்னார் என்பதிலும் ஐயமில்லை. நோயுற்றவன் பெறுவது பிறர் இரக்கத்தால் அன்று, தனக்கென வகுக்கப்பட்ட பங்கு என்னும் நிலை இங்ஙனம் அமைகின்றது.

எனினும் அந்த ஆதுலசாலை மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்குமே உரியதாக இருந்தது. இந்நாளில் அரசு மருத்துவமனையின் வாயில் யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். திறவாதொழியின் யாது செய்வது? இவ்வினாவிற்கு உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில் விடை கூறிற்று.

மேற்கு வங்கத்தில் 1992-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் உழைப்பாளி ஒருவர் புகைவண்டியிலிருந்து விழுந்து தலையில் பெருங்காயம் உற்றார். அரசு மருத்துவமனைகள் பலவற்றிற்கு அவரைக் கொண்டு சென்றனர். ஓரிடத்தில் கருவி இல்லை என்றனர். மற்றோரிடத்தில் படுக்கை இல்லை என்றனர். இறுதியில் தனியார் மருத்துவமனையில் கைப்பொருள் செலவிட்டே அவர் உயிர் பிழைத்தார். ஏழை உழைப்பாளிக்கு அது எத்துணைப் பெரிய சுமை! உழைப்பாளர் சங்கமும் அவரும் வழக்குத் தொடுத்தனர். உரிய காலத்தில் சிகிச்சை அளியாமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், பொருளின்மையைக் காரணம் காட்டி அரசு இக்கடமையினின்று நீங்க இயலாது என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 25,000 ரூபாய் இழப்பீடும் அவருக்கு வழங்கச் செய்தது.

அவ்வழக்கில் ஆராயப்பட்ட விசாரணைக் குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று நம் கல்வெட்டை நினைப்பூட்டுவது. நோயாளி வந்த நாளும் நேரமும், அவர் சேர்க்கப்பட்டாரா, வேறிடம் அனுப்பப்பட்டாரா என்பதும் பதிவேட்டில் தெளிவாக எழுதப்படல் வேண்டும். அவரைப் பார்த்த மருத்துவர் இன்னார் என்பதும் அறியக் கிடத்தல் வேண்டும் என்பதே அது. படுக்கை இல்லை என்று வாயால் சொல்லி அனுப்புதல் எளிது. அதனை எழுதிப் பெயரிடுவதாயின், சொல்வோர் ஒருமுறை எழுந்து சென்று படுக்கை உண்டா என்று பார்ப்பர்.

அப்பதிவேட்டைக் காணும் வழியையும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தந்துள்ளது. தன் சிகிச்சை பற்றிய குறிப்பைக் கேட்கும் நோயாளிக்கு 30 நாட்களுள் விடை தருதல் வேண்டும். உயிர் பற்றிய செய்தியாயின் 48 மணி நேரத்துள் தருதல் வேண்டும். இதற்கு ஒரு தாளில் எழுதிய விண்ணப்பமும் பத்து ரூபாய்க் கட்டணமும் போதும். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளார்க்கு அக்கட்டணமும் இல்லை.