கொக்கி கழலாத பெக்போர்டு

சுத்தியலை எடுக்கும்போது கொக்கியும் கூடவே கழன்று வருகிறதா? முதலில் துளையை அளந்து பாருங்கள். கால் அங்குலத் துளையில் அரைக்கால் அங்குலக் கம்பிக் கொக்கி ஆடத்தான் செய்யும்.

பலகையைத் தரையில் கிடத்தி, ஸ்பேனர், குறடு, ரம்பம் எல்லாவற்றையும் அதன்மேல் பரப்பி இடம் குறித்துக்கொள்ளலாம். கொக்கிகளை மாட்டியதும், ஒவ்வொன்றின் தண்டையும் பக்கத்துத் துளைகள் வழியே கேபிள் டை கோத்து இறுக்கிவிட வேண்டும். சுவரில் ஏற்றிய பிறகு பின்பக்கம் கை நுழையாது. சுவருக்கும் பலகைக்கும் இடையே அரை அங்குல மர ரீப்பர் கட்டாயம். இல்லாவிட்டால் கொக்கியின் வளைவு உள்ளே போகாது.

அமெரிக்கச் சமையல் வல்லுநர் ஜூலியா சைல்டின் சமையலறைப் பெக்போர்டில், எந்தப் பாத்திரம் எங்கே என்று அவர் கணவர் பால் உருவரை தீட்டி வைத்திருந்தார். 2001இல் ஜூலியா கொடுத்த அந்தச் சமையலறை இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருவரை தீட்டும் அந்த யோசனை கராஜுக்கும் அருமையானது. மார்க்கரால் கோடு போட்டால், திரும்பி வராத திருப்புளி எது என்று வாசலிலிருந்தே தெரியும்.

ஓதம் ஏறும் சுவரா? ஹார்டுபோர்டு உப்பி, துளைகள் பிய்ந்துவிடும். அங்கே இரும்புத் தகட்டுப் பலகைதான் நல்லது.