‘நெகட்டிவ்’ வந்தாலும் ஒளிந்திருக்குமா?

கேள்வி: அப்பா வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையில் ‘நெகட்டிவ்’. ஆனாலும் கிருமி ஒளிந்திருக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: உண்மைதான் சகோதரி. ஆனால், எல்லோருக்கும் அப்படி இருப்பதில்லை. வழக்கமான பரிசோதனை, வைரஸின் மேலுறைப் புரதத்தைத்தான் தேடுகிறது. சிலருக்கு அந்தப் புரதம் ரத்தத்தில் தென்படாது, வைரஸின் டி.என்.ஏ. மட்டும் கல்லீரல் செல்களில் தங்கியிருக்கும். இதுவே மறைந்திருக்கும் தொற்று.

‘ஆன்ட்டி ஹெச்.பி.சி.’ என்ற ரத்தப் பரிசோதனை பழைய தொற்றின் தடயத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அது பாசிட்டிவ் என்றால், டி.என்.ஏ. பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்களுக்கு இது மிக முக்கியம். அந்தச் சிகிச்சைக்குப் பிறகு தரப்படும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளால், உறங்கும் வைரஸ் விழித்துக்கொள்ளலாம்.

இந்த வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த ரத்தக் கறையில்கூட குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். ஆகவே டயாலிசிஸ் மையத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் புதுக் கையுறை அணிவதும், இயந்திரத்தையும் நாற்காலியையும் கிருமிநீக்கம் செய்வதும் கட்டாயம்.

அப்பாவுக்கு எதிர்ப்பாற்றல் இல்லையென்றால் தடுப்பூசி போடுங்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் அளவு தேவை. பிறகு ஆண்டுதோறும் எதிர்ப்பாற்றல் அளவைப் பாருங்கள். 10 mIU/mL-க்குக் கீழே இறங்கினால் ஊக்கத் தவணை அவசியம். அடுத்த டயாலிசிஸ் அன்றே மருத்துவரிடம் இதைப் பேசிவிடுங்கள்.