காயம் ஆறிய பின் மீண்டும் ஓட்டம், மிதிவண்டி: அடுப்படியையும் பயிற்சியையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்

கணுக்கால் பிசகி, முழங்கால் வலித்து, அல்லது குதிகால் தசைநாண் வீங்கி நீங்கள் சில வாரங்கள் ஓய்வில் இருந்திருக்கலாம். இப்போது வலி குறைந்துவிட்டது. உட்லண்ட்ஸ் நீர்முகப்புப் பூங்காவில் மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்கும்போது உங்களுக்கும் ஓட வேண்டும்போல் இருக்கிறது. மறுபக்கம் வேலை, பிள்ளைகள், இரவுச் சமையல் என்று நேரம் இறுக்குகிறது.

இந்த நேரத்தில்தான் பலர் மறுபடியும் காயப்படுகிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை காயப்பட்டவருக்கு மீண்டும் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதற்குப் பொதுவான காரணங்கள் இரண்டு. ஒன்று, வேகமாகத் திரும்புவது. மற்றது, உடல் ஆறுவதற்குத் தேவையான உணவைக் கொடுக்காமல் விடுவது. இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

வலி போனது, காயம் ஆறியதா?

வலி குறைவதும் காயம் முழுமையாக ஆறுவதும் ஒன்றல்ல. பயிற்சியைத் தொடங்கினால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழைய நிலையை நெருங்கும். தசைநார், தசைநாண், எலும்பு ஆகியவை வலுப்பெற மாதக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் மூச்சு வாங்காமல் ஓட முடிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கூட்டக் கூடாது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உங்கள் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது.

ஓடத் தொடங்குமுன் கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்:

• 30 நிமிடம் விறுவிறுப்பாக நடக்கும்போதும் மறுநாள் காலையிலும் வலி, வீக்கம், நொண்டல் இல்லை.
• வீவக புளோக்கின் படிகளில் இரண்டு மாடி ஏறி இறங்க முடிகிறது.
• காயப்பட்ட காலில் மட்டும் 30 விநாடி நிற்க முடிகிறது.
• காயப்பட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை 20 முறை உயர்த்தி இறக்க முடிகிறது. அடுத்த காலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இவற்றில் ஒன்று முடியாவிட்டாலும் நடையையும் வலுவூட்டும் பயிற்சிகளையும் தொடருங்கள். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, அழுத்தத்தால் எலும்பில் ஏற்பட்ட விரிசல் ஆகியவற்றிலிருந்து மீள்பவர்கள் மருத்துவர் அனுமதித்த பிறகே ஓட வேண்டும்.

ஆறு வாரத் திட்டம்

ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு 3 முறை போதும். ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் நடந்து உடலைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

• 1ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நடை. 5 முறை.
• 2ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 3 நிமிடம் நடை. 5 முறை.
• 3ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 5 முறை.
• 4ஆம் வாரம்: 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. 5 முறை.
• 5ஆம் வாரம்: 10 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 2 முறை.
• 6ஆம் வாரம்: 20 நிமிடம் நிற்காமல் மெதுவோட்டம்.

ஓடும்போது பேச்சுத் துணையுடன் வாக்கியம் முடித்துப் பேச முடிய வேண்டும். வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடுங்கள். 3க்கு மேல் போனால் நிறுத்திவிட்டு நடந்து வீடு திரும்புங்கள். லேசான வலி மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் திட்டத்தைத் தொடரலாம். அடங்காவிட்டால் முந்திய வாரத்துக்குத் திரும்புங்கள். வலிநிவாரண மாத்திரை போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். உடல் தரும் எச்சரிக்கையை அது மறைத்துவிடும்.

இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரங்களில் சமதளமான பாதையே நல்லது. உட்லண்ட்ஸ் விளையாட்டரங்கத்தின் 400 மீட்டர் ஓடுதடத்தில் வலி வந்தால் உடனே வெளியேறலாம். அங்கே ஒரே திசையில் சுற்றுவதால் ஒரு காலுக்கு மட்டும் சுமை கூடக்கூடும். மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தில் வெளிப்புறத் தடத்தில் திசையை மாற்றி நடந்து ஈடுகட்டுங்கள். அட்மிரல்டி பூங்கா மேடுபள்ளமானது. இறக்கத்தில் ஓடுவது முழங்காலுக்கு அதிகச் சுமை தரும் என்பதால் அதை 6ஆம் வாரத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

மிதிவண்டி உதவுமா?

உதவும். மிதிவண்டி ஓட்டும்போது கால் தரையில் மோதுவதில்லை. ஓட்டம் இல்லாத நாள்களில் 15 முதல் 20 நிமிடம் சமதளத்தில், இலகுவான கியரில் ஓட்டலாம். ஆனால், எலும்புக்கு வலு சேர்க்கும் அதிர்வு மிதிவண்டியில் கிடைக்காது. எனவே, நன்றாக மிதிவண்டி ஓட்டுகிறோம் என்பதற்காக ஓட்டத் திட்டத்தின் வாரங்களைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் முதலில் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். மிதிகட்டை கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கி வலி கூடும்.

கை, மணிக்கட்டு, தோள் எலும்பு காயங்களிலிருந்து மீள்பவர்கள் இரு கைகளாலும் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க முடிந்த பிறகே வெளியே ஓட்ட வேண்டும். அதுவரை நிலையான மிதிவண்டி போதும். பூங்கா இணைப்புப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். நடைபாதைகளில் 10 கிலோமீட்டர். சாலையில் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது 2019 முதல் கட்டாயம். மற்ற இடங்களிலும் அணிவதே பாதுகாப்பு.

ஓய்வில் இருக்கும்போது சாப்பாட்டைக் குறைக்கலாமா?

"ஓடவில்லையே, எடை கூடிவிடும்" என்று சிலர் ஒரு வேளைச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். ஓய்வில் உடலுக்கு வேண்டிய கலோரி ஓரளவு குறைவது உண்மைதான். ஆனால், காயம் ஆறுவதற்கும் சக்தி வேண்டும். புரதத்தின் தேவை குறைவதே இல்லை. பயன்படுத்தாத கால் தசை சில வாரங்களிலேயே மெலியத் தொடங்குகிறது. புரதமும் குறைந்தால் அந்த இழப்பு இன்னும் வேகமாகும். நீண்ட நாள் போதுமான அளவு சாப்பிடாமல் பயிற்சி செய்தால் எலும்பும் பலவீனமாகும். பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது அதன் ஓர் அறிகுறி. அப்படியானால் மருத்துவரைப் பாருங்கள்.

குறைக்க வேண்டியவை இனிப்புப் பானம், பொரித்த பலகாரம், தேங்காய்ப்பால் மிகுந்த குழம்பு ஆகியவையே. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'என் ஆரோக்கியத் தட்டு' வழிகாட்டியை நினைவில் வையுங்கள். தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு முழுதானியம். கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, சோயாக்கட்டி போன்ற புரதம். நம் வீட்டுத் தட்டில் பெரும்பாலும் சோறு பாதிக்கு மேல் இருக்கும், பொரியல் ஓர் ஓரத்தில் இருக்கும். இந்த இரண்டின் இடத்தையும் மாற்றினாலே பெரிய மாற்றம்.

புரதம்: நம் சமையலில் எங்கே குறைகிறது?

காயத்திலிருந்து மீண்டு பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 1.2 கிராம் புரதம் நல்ல இலக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 72 கிராம். 50 வயதைக் கடந்தவர்களுக்கும் இதே அளவு பொருந்தும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவதைவிட மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது தசைக்கு நல்லது. வேளைக்குச் சுமார் 20 முதல் 25 கிராம் இருக்கட்டும்.

• காலை: நான்கு இட்லியும் தண்ணீர்போன்ற சாம்பாரும் சேர்ந்து 12 கிராம்கூட வராமல் போகலாம். இரண்டு அவித்த முட்டை சேர்த்தால் மேலும் 12 கிராம். சைவர்கள் சாம்பாரில் பருப்பைக் கூட்டி, ஒரு குவளை கொழுப்பு குறைந்த பாலும் சேர்க்கலாம்.
• மதியம்: உள்ளங்கை அளவு மீன் துண்டு 20 கிராமுக்கு மேல் தரும். அதனுடன் கீரை, காய், அளவான பழுப்பு அரிசிச் சோறு.
• இரவு: இரண்டு முழுக்கோதுமைச் சப்பாத்தி, ஒரு கப் கொண்டைக்கடலைக் கறி, ஒரு சிறு கிண்ணம் தயிர். மொத்தம் ஏறத்தாழ 25 கிராம்.

செவ்வாய், வெள்ளி, புரட்டாசி மாதம் என்று சைவம் கடைப்பிடிக்கும் வீடுகளில் அந்த நாள்களில் புரதம் சட்டென்று குறைந்துவிடுகிறது. சோறு, ரசம், உருளைக்கிழங்கோடு நிறுத்திவிடாமல் சுண்டல், தட்டைப்பயறு, தவ்குவா, தயிர் ஆகியவற்றைத் திட்டமிட்டு வையுங்கள்.

எலும்புக்குக் கால்சியம் வேண்டும். நெத்திலி, கேழ்வரகு, தயிர், சோயாக்கட்டி ஆகியவற்றில் அது உண்டு. இரும்புச்சத்துக்குக் கீரையும் பருப்பும் சாப்பிடும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளுங்கள். சாப்பாட்டுடன் தேநீர், காப்பி குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

அடுப்படியில் நிற்பதும் காலுக்குச் சுமைதான்

பயிற்சியை நிமிடக் கணக்கில் எழுதி வைக்கும் பலர், சமையலறையில் இரண்டு மணி நேரம் நின்றதைக் கணக்கில் எடுப்பதில்லை. கடினமான தரையில் வெறுங்காலுடன் நிற்பது குதிகாலையும் பாதத்தையும் வருத்தும். மாலையில் நின்று சமைத்துவிட்டு ஓடினால், ஏற்கெனவே களைத்த காலில்தான் ஓடுகிறீர்கள்.

• காய் நறுக்குவதையும் கீரை ஆய்வதையும் உட்கார்ந்து செய்யுங்கள்.
• வீட்டுக்குள் அணிய, பாதத்தைத் தாங்கும் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.
• தீபாவளி, பொங்கல் போன்ற பெரிய சமையல் நாளையும் அதற்கு மறுநாளையும் ஓட்டமில்லா நாள்களாக வையுங்கள்.
• குதிகால் உயர்த்தும் பயிற்சியைக் கழுவுதொட்டி அருகில் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். எரியும் அடுப்பு, கொதிக்கும் எண்ணெய்ப் பக்கத்தில் செய்யாதீர்கள்.

வாரத்தில் இரண்டு நாள், உதாரணமாக ஞாயிறும் புதனும், மொத்தமாகச் சமைத்து வைப்பது நேரத்தைக் காக்கும். ஊறவைத்து வேகவைத்த கடலை, கெட்டிப் பருப்பு, நறுக்கிய காய், இட்லி மாவு ஆகியவை தயாராக இருந்தால் ஓட்ட நாளில் 20 நிமிடத்தில் இரவுச் சாப்பாடு முடியும். சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மீண்டும் சூடாக்கும்போது ஆவி பறக்க, உள்ளே 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாகட்டும்.

இரவு 8 மணிக்கு ஓடி முடித்து, அதன்பின் சமைத்து 9.30க்குச் சாப்பிடுவது பலருக்கு நடைமுறையில் சரிவருவதில்லை. பசி தாங்காமல் கீழே காப்பிக்கடையில் பரோட்டாவில் முடியும். அல்லது அலுப்பில் சாப்பிடாமலே தூங்கிவிடுவீர்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: வீட்டில் சமைப்பவரே காயப்பட்டவர் என்றால், நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுவது அவருடைய பயிற்சிதான். வாரத்தில் மூன்று மாலைகளில் வேறொருவர் சோறு வைத்து, பாத்திரம் கழுவினால் அவருக்கு 30 நிமிடம் கிடைக்கும். அவர் குணமடைய அது மருந்துக்கு இணையான உதவி.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும்

முழுச் சாப்பாட்டுக்குப் பின் 2 முதல் 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள். பசித்தால் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் போதும். 30 நிமிட மெதுவோட்டத்துக்குத் தண்ணீரே போதுமானது. பொட்டலப் பானம் வாங்கினால் அதில் உள்ள நியூட்ரி-கிரேட் குறியீட்டைப் பாருங்கள். சர்க்கரை மிகக் குறைந்தது 'ஏ', மிக அதிகமானது 'டி'. நிறைய வியர்த்த நாளில் சிறிது உப்பிட்ட நீர்மோர் நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாமல் குடியுங்கள்.

ஓய்வுக்குப் பின் வெயிலிலும் புழுக்கத்திலும் ஓட உடல் மீண்டும் பழக 1 முதல் 2 வாரம் ஆகும். காலை 8 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ ஓடுங்கள். நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்களுக்கு ஓட்டத்தில் சர்க்கரை அளவு தாழக்கூடும். மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். கையில் இனிப்பு வைத்திருங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

• காலை ஊன்ற முடியவில்லை, அல்லது மூட்டு பிடித்துக்கொள்கிறது.
• எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலிக்கிறது, இரவில் ஓய்விலும் வலிக்கிறது.
• கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது.
• கால் மரத்துப்போகிறது, பலமிழக்கிறது.
• இரண்டு வாரம் குறைத்து ஓடியும் வலி குறையவில்லை.

உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். தேவைப்பட்டால் அவர்கள் இயன்மருத்துவரிடம் அனுப்புவார்கள். திடீரென்று காலை ஊன்ற முடியாத காயம் ஏற்பட்டாலோ கெண்டைக்கால் வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம். 2024 ஜூலையில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவு உள்ளது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், வெயிலில் ஓடிக் குழப்பமாகப் பேசுதல் ஆகியவற்றுக்கு உடனே 995ஐ அழையுங்கள்.

இந்த வாரம் தொடங்க மூன்று காரியங்கள்

1. மேலே உள்ள நான்கு சோதனைகளையும் இன்று மாலை செய்து பாருங்கள்.
2. ஓடும் மூன்று நாள்களையும் சமைத்து வைக்கும் இரண்டு நாள்களையும் வீட்டு நாள்காட்டியில் குறியுங்கள். அதைக் குடும்பத்தார் அனைவரும் பார்க்கட்டும்.
3. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் மறுநாள் காலை, வலி எத்தனை என்று 0 முதல் 10க்குள் ஓர் எண்ணை அதே நாள்காட்டியில் எழுதுங்கள். மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள்.