கேஸா, ஃபேனா?

கேள்வி: ஃப்ரீசரில் ஐஸ் உறைகிறது, கீழே வைத்த பால் திரிகிறது. கேஸ் தீர்ந்துவிட்டதா? – வாசகர், குண்டூர் நாடு, கொல்லிமலை.

பதில்: கேஸ் மொத்தமும் தீர்ந்திருந்தால் ஃப்ரீசரில் ஐஸே உறையாது. இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் குளிரைக் கீழே தள்ளுவது ஃப்ரீசரின் பின்பலகைக்குள் இருக்கும் சிறு ஃபேன். என் சந்தேகம் அதன்மேல்தான். (ஒற்றைக் கதவில் பெரும்பாலும் ஃபேனே கிடையாது.) கதவைத் திறந்தால் பல மாடல்களில் அது நின்றுவிடும், கதவு சுவிட்சை விரலால் அழுத்திக் காது கொடுங்கள். மலைக் குளிரில் கம்ப்ரஸர் குறைவாகவே ஓடும் என்பதால், அது ஓடும்போது கேட்டால்தான் ஃபேனின் மௌனத்துக்கு அர்த்தம் உண்டு.

கேஸ் பாதி கசிந்தாலும் இப்படி ஆகுமே என்பார் மெக்கானிக். நியாயம்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். காயிலில் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்திருந்தால் அவர் சொல்வது சரி. மொத்தமும் பாறையாக உறைந்திருந்தால் டீஃபிராஸ்ட் கோளாறு. பனி சீராக இருந்து, இறக்கையும் கையால் தள்ளத் தாராளமாகச் சுழன்று, மின்சாரம் வந்தும் ஓடவில்லையென்றால் மோட்டாரை மாற்றுங்கள்.